தினமும் கையில் இருக்கும் சாதனங்கள்: எது எதற்கு?

"எல்லாமே போனிலேயே ஆகிப்போகுதுங்க. அப்புறம் எதுக்குங்க இந்தப் பெட்டி?"

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், வாங்கிய ஒரு மாதத்தில் என்னிடம் கேட்கும் கேள்வி இது. பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கியிருப்பார்கள். பிள்ளை ஹாஸ்டலுக்குப் போன பின், மேஜை மேல் துணி போர்த்தி வைத்திருக்கும் கம்ப்யூட்டரைப் பார்க்கும் போது இந்தச் சந்தேகம் வரும். நியாயமான சந்தேகம்தான். இதற்கு நான் சொல்லும் பதில், ஒரு ரசீதின் கதை. அதை முதலில் சொல்லிவிட்டு, நான் தினமும் பயன்படுத்தும் சாதனங்கள் எவை, எந்த வேலையை எதில் செய்கிறேன், எங்கே தவறு செய்தேன் என்பதையெல்லாம் எழுதுகிறேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பி.காம். முடித்துவிட்டு, நாமக்கல் பக்கத்தில் எங்கள் சித்தப்பாவின் இரண்டு லாரிகளுக்கும், வீட்டுக் கோழிப் பண்ணைக்கும் கணக்கு எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் லாரியோ கோழியோ இல்லாத வீடு குறைவு என்பதால், இதைப் படிக்கும் பலருக்கும் என் நிலைமை புரியும்.

காணாமல் போன ரசீது

லாரித் தொழிலில் வாடகை ஒரே தடவையில் வராது. லோடு ஏற்றும் போது அட்வான்ஸ் தருவார்கள். சரக்கு போய்ச் சேர்ந்து, இறக்கிக் கொண்டவர் கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடுக்கும் ரசீது திரும்பி வந்தால்தான் பாக்கி வாடகை. சித்தப்பா இதற்கு எளிய வழி வைத்திருந்தார். டிரைவர் அந்த ரசீதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். காகிதம் கூரியரில் பின்னால் வரும். டீசல் பில், டயர் பில், சுங்கச்சாவடிக் கணக்கு எல்லாமே சித்தப்பாவின் போனில்தான். மூன்று வருடக் கணக்கு அந்த ஒரு போனுக்குள் இருந்தது.

ஒரு நாள் விடியற்காலையில் பண்ணையில் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தவரின் சட்டைப் பையிலிருந்து போன் உள்ளே விழுந்துவிட்டது. சித்தி உடனே அதை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தார். (இதில் பயன் இல்லை. ஐபோன் தயாரிக்கும் ஆப்பிள் நிறுவனமே, அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று இதை வேண்டாம் எனச் சொல்லியிருக்கிறது. நனைந்த போனை ஆப் செய்து, துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். "உயிர் இருக்குதா பார்க்கலாம்" என்று சார்ஜரில் போடுவதுதான் மிகப் பெரிய தவறு. சித்தப்பா அதையும் செய்தார்.)

போன் போனது போகட்டும் என்று விட்டிருப்போம். ஆனால் அதே வாரம் இரண்டு லோடுகளுக்கான ரசீதுக் காகிதங்கள் கூரியரில் தவறிப் போயின. பாக்கி வாடகை 46 ஆயிரம் ரூபாய். சரக்கு அனுப்பியவர்கள் நல்லவர்கள்தான். ஆனாலும் "போட்டோவாவது காட்டுங்க" என்றார்கள். டிரைவரின் போனில் இடம் இல்லாமல் பழைய படங்களை அழித்திருந்தார்.

சித்தப்பா சிரித்துக் கொண்டே, "கவலைப்படாத கண்ணு, போன்ல மெமரி கார்டு இருக்குதில்ல" என்றார். கார்டை எடுத்து என் லேப்டாப்பில் போட்டேன். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் பத்திரமாக இருந்தன. மாரியம்மன் பண்டிகை, ஆட்டுக்குட்டிகள், பேத்தியின் காது குத்து. ரசீது ஒன்று கூட இல்லை.

ஏன் இல்லை? இதைப் புதியவர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். கேமராவில் நாம் எடுக்கும் படங்களைக் கார்டில் சேமிக்குமாறு போனில் அமைத்திருக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் நமக்கு வரும் படங்கள் போனின் உள் நினைவகத்தில்தான் சேரும். வாட்ஸ்அப் நிறுவனத்தின் சர்வரிலும் அவை இருக்காது. நமக்கு வந்து சேர்ந்தவுடன் அங்கிருந்து நீக்கப்பட்டுவிடும். போன் கடைக்காரர், போர்டு எரிந்துவிட்டது, உள்ளே இருப்பதை எடுக்க முடியாது என்றார். அவர் சொன்னது உண்மை. ஆண்ட்ராய்ட் 10 உடன் வெளிவந்த போன்களில் தொடங்கி, உள் நினைவகத்தில் உள்ளவை அனைத்தும் குறியாக்கம் செய்துதான் வைக்கப்படுகின்றன. திறக்கும் சாவி அந்தப் போர்டோடு சேர்ந்தது. சிப்பை மட்டும் பெயர்த்து எடுத்து வேறு ஒன்றில் போட்டுப் படிக்க முடியாது. திருடனிடமிருந்து நம்மைக் காக்கும் அதே ஏற்பாடு, நம்மையும் உள்ளே விடாது.

நான்கு மாத அலைச்சலுக்குப் பின் ஒரு லோடுக்கு மறு ரசீது கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவே இல்லை. அந்தப் பணம் போனதுதான்.

கம்ப்யூட்டர் எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். போன் வெளியே திரியும் சாதனம். விழும், நனையும், தொலையும், திருட்டுப் போகும். கம்ப்யூட்டர் வீட்டோடு இருக்கும் பெட்டி. போனில் பிறக்கும் தகவல்களில் முக்கியமானவை வாரம் ஒரு முறையாவது இந்தப் பெட்டிக்கு வந்து சேர வேண்டும்.

போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு

இதற்கு எந்தப் புதிய புரோகிராமும் தேவையில்லை. போனுடன் வந்த கேபிள் போதும். இங்கேதான் பலர் முதலில் தடுக்கி விழுகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் விற்கும் சில மலிவான கேபிள்களில் மின்சாரம் செல்லும் கம்பிகள் மட்டுமே இருக்கும். டேட்டா செல்லும் கம்பிகள் இருக்காது. போன் சார்ஜ் ஆகும், ஆனால் கம்ப்யூட்டரில் தெரியாது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்காமல் வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள்.

போனை இணைத்தவுடன், போன் திரையின் மேலிருந்து கீழே விரலால் இழுக்கவும். யு.எஸ்.பி. மூலம் சார்ஜ் ஆகிறது என்று ஓர் அறிவிப்பு இருக்கும். அதைத் தட்டினால் சில தேர்வுகள் கிடைக்கும். அதில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். போன் லாக் ஆகி இருந்தால் எதுவும் தெரியாது. எனவே திறந்தே வைத்திருக்கவும்.

இப்போது கம்ப்யூட்டரில், கீ போர்டில் விண்டோஸ் கீயை அழுத்திக் கொண்டு ஈ எழுத்தை அழுத்தவும். பைல் எக்ஸ்புளோரர் திறக்கும். இடது பக்கம் திஸ் பி.சி. என்பதில் கிளிக் செய்திடவும். உங்கள் போனின் பெயர் ஒரு டிரைவ் போலக் காட்டப்படும். அதனுள் இன்டர்னல் ஸ்டோரேஜ். அதனுள் டி.சி.ஐ.எம். என்ற போல்டர், அதில் கேமரா என்ற போல்டர். நீங்கள் எடுத்த படங்கள் இங்கே இருக்கும்.

வாட்ஸ்அப் படங்கள் கொஞ்சம் ஆழத்தில் புதைந்திருக்கும். இன்டர்னல் ஸ்டோரேஜில் ஆண்ட்ராய்ட் போல்டர், அதனுள் மீடியா, அதனுள் காம் புள்ளி வாட்ஸ்அப் என்று ஒன்று, அதனுள் வாட்ஸ்அப், அதனுள் மீண்டும் மீடியா, கடைசியாக வாட்ஸ்அப் இமேஜஸ். நம் தாலுகா ஆபீஸில் ஒரு சான்றிதழ் வாங்கப் போவது போல அறைக்குள் அறையாகப் போக வேண்டும். பி.டி.எப். பைல்கள் வேண்டுமானால் அதே இடத்தில் வாட்ஸ்அப் டாக்குமெண்ட்ஸ் என்று பக்கத்திலேயே இருக்கும்.

தேவையானவற்றைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் + சி அழுத்தி, கம்ப்யூட்டரில் நீங்கள் உருவாக்கிய போல்டருக்குச் சென்று கண்ட்ரோல் + வி அழுத்தவும். கண்ட்ரோல் + எக்ஸ் வேண்டவே வேண்டாம். பாதியில் கேபிள் ஆடினால், இங்கும் இல்லை அங்கும் இல்லை என்று ஆகிவிடலாம். முதலில் காப்பி, பின்னர் கம்ப்யூட்டரில் இரண்டு படங்களைத் திறந்து பார்த்தல், அதன் பின்னரே போனில் அழித்தல். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

போல்டருக்குப் பெயர் வைப்பதில் ஒரு சின்ன யோசனை. நாம் தேதி எழுதும் முறையில் 14-06-2025 என்று வைத்தால் கம்ப்யூட்டர் குழப்பி அடுக்கும். எல்லா மாதத்தின் 14ஆம் தேதிகளும் ஒன்றாக நிற்கும். 2025-06-14 என்று வருடத்தை முன்னால் வைத்தால், தானாகவே காலவரிசையில் நிற்கும். அதன் பின்னால் வண்டியின் கடைசி நான்கு எண்ணையும் ஊரையும் சேர்க்கிறேன். ஆறு மாதம் கழித்து யாராவது "அந்த ஐதராபாத் லோடு" என்று கேட்டால், தேடும் கட்டத்தில் ஊர்ப் பெயரை டைப் செய்தால் போதும்.

பெரிய திரைக்கென்றே சில வேலைகள்

காலையில் எழுந்தவுடன் போன்தான். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலையைப் பார்ப்பேன். ஐந்து காசு ஏறினாலும் இறங்கினாலும் எங்கள் வீட்டில் காபியின் சுவை மாறும். இதற்குப் போனே சரியான சாதனம். கம்ப்யூட்டரை ஆன் செய்து பார்க்க வேண்டிய விஷயம் அல்ல.

ஆனால் அந்த விலையைத் தினமும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதி, பக்கத்தில் தீவனச் செலவையும் எழுதி, மாதக் கடைசியில் ஒரு கோழிக்கு என்ன மிஞ்சியது என்று பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. போனில் செய்ய முடியாது என்பதில்லை; செய்தால் கண் வலிக்கும், தப்பு வரும். எக்ஸெல் வாங்கப் பணம் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்னும் தொகுப்பு இலவசம். அதில் உள்ள கால்க் இந்த வேலைக்குத் தாராளம்.

இன்னொரு வேலை இ-வே பில். சரக்கு மதிப்பு 50 ஆயிரம் ரூபாயைத் தாண்டி வெளிமாநிலம் சென்றால் இது இருக்க வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இதன் ஆயுள். (2021 ஜனவரிக்கு முன் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் தந்தார்கள்.) 800 கிலோமீட்டர் பயணம் என்றால் நான்கு நாள். வண்டி வழியில் பழுதாகி நின்றால், ஆயுள் முடிவதற்கு முன் எட்டு மணி நேரத்திலோ, முடிந்த பின் எட்டு மணி நேரத்திலோ நீட்டித்துக் கொள்ளலாம். அதை விட்டால் வழியில் பிடித்து அபராதம். ஒரு முறை இரவு பதினொரு மணிக்கு, போனின் சின்னத் திரையில் அவசரமாக வண்டி எண்ணை டைப் செய்து, இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிவிட்டேன். டிரைவர் மறுநாள் கவனித்துச் சொன்னதால் திருத்தினோம். அன்றிலிருந்து எண்கள் நிறைந்த வேலை எதையும் போனில் செய்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

போகட்டும், இன்னொரு சாதனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லாரியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாஸ்டேக். 2021 பிப்ரவரி நடுவிலிருந்து கட்டாயமானது. இதில் பேட்டரி கிடையாது. சுங்கச்சாவடியின் மேலே உள்ள ஆன்டெனா அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி பெற்று, தன் எண்ணைச் சொல்லிவிட்டு மீண்டும் தூங்கிவிடும் ஒரு சின்னச் சிப். ஓமலூரில் ஒரு விநாடி, ராசம்பாளையத்தில் ஒரு விநாடி விழிக்கும். நாங்கள் பயன்படுத்தும் சாதனங்களில் சார்ஜ் கேட்காதது இது ஒன்றுதான்.

பென் டிரைவ் பெட்டகம் அல்ல

பென் டிரைவை நான் ஒரு கைப்பையாக மட்டுமே பயன்படுத்துகிறேன். ஆடிட்டரிடம் கொண்டு போக, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க. அதிலேயே கணக்கை வைத்துப் பராமரிப்பவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். சட்டையோடு வாஷிங் மெஷினுக்குள் போன பென் டிரைவ்கள் எத்தனை என்று எங்கள் வீட்டிலேயே சொல்ல முடியும்.

ஒரு முறை டவுனில் ஒரு பிரிண்ட் கடையில் கொடுத்து வாங்கிய பென் டிரைவில், என் போல்டர்கள் எல்லாம் மறைந்து, அதே பெயரில் ஷார்ட்கட்கள் மட்டும் நின்றன. இது பழைய வகை வைரஸ். பைல்களை அழிப்பதில்லை, மறைத்து வைத்துவிட்டு, ஷார்ட்கட்டை நாம் கிளிக் செய்யும் போது நம் கம்ப்யூட்டருக்குள் நுழையும். இப்படிக் கண்டால் எதையும் கிளிக் செய்யாமல், அந்த டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, விண்டோஸ் டிபெண்டர் மூலம் ஸ்கேன் செய்திடவும். பின்னர் எக்ஸ்புளோரரில் வியூ மெனு சென்று, மறைந்துள்ளவற்றைக் காட்டும் ஹிடன் ஐட்டம்ஸ் என்பதில் டிக் செய்தால் பைல்கள் தலை காட்டும். அப்போதும் காட்டவில்லை என்றால் விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நீங்களாகப் பார்மட் செய்துவிட வேண்டாம். அச்சுக்கு இப்போதெல்லாம் பி.டி.எப். பைலாக மாற்றி, அதற்கென்றே வைத்திருக்கும் தனிப் பென் டிரைவில் அந்த ஒரு பைலை மட்டும் கொண்டு போகிறேன்.

"64 ஜி.பி. என்று வாங்கினேன், 59 சொச்சம்தான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்பதும் அடிக்கடி வரும் புகார். ஏமாற்று இல்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024ஆல் வகுத்துக் காட்டுகிறது. இதே காரணத்தால் 1 டி.பி. டிஸ்க் 931 ஜி.பி. என்று காட்டும். கல்யாண வீடியோ காப்பி ஆகாமல், பைல் மிகப் பெரிது என்று செய்தி வந்தால், உங்கள் பென் டிரைவ் பேட் 32 முறையில் பார்மட் ஆகியிருக்கிறது. அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைப் பைல் போகாது. உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, எக்ஸ்பேட் முறையில் பார்மட் செய்தால் சரியாகிவிடும்.

மூன்று இடம்

கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டால் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். லேப்டாப்பும் சாதனம்தான். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய ஒரு கணக்கு உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. போட்டோகிராபர் சொன்னது லாரிக் கணக்குக்கும் அப்படியே பொருந்துகிறது.

என் முதல் பிரதி லேப்டாப்பில். இரண்டாவது 1 டி.பி. எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போய் வந்தவுடன் இதை இணைத்துக் காப்பி செய்வேன். முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன். எப்போதும் இணைத்தே வைத்திருந்தால், லேப்டாப்பைத் தாக்கும் வைரஸ் இதையும் தாக்கும். சுழலும் டிஸ்க் என்பதால், ஓடும் போது நகர்த்தக் கூடாது. மூன்றாவது பிரதி இன்னொரு பழைய டிஸ்க். ராசிபுரத்தில் மச்சான் வீட்டில் இருக்கிறது. பண்டிகைக்குப் போகும் போதெல்லாம் எடுத்துப் புதுப்பித்துவிட்டு வருவேன். "மாப்பிள்ளை நம்மளைப் பார்க்க வராரா, டிஸ்க்கைப் பார்க்க வராரா" என்று மாமியார் கேட்கிறார்.

கூகுள் டிரைவ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இலவசமாக 15 ஜி.பி. ஆனால் அந்த 15க்குள்தான் ஜிமெயில், டிரைவ், 2021 ஜூன் முதல் கூகுள் போட்டோஸ், பின்னர் வாட்ஸ்அப் பேக்கப் எல்லாமே அடங்க வேண்டும். நான் ரசீதுகளை மட்டும் அதில் வைக்கிறேன். ஆட்டுக்குட்டிகளுக்கு இடம் இல்லை.

இதில் புதியவர்கள் பலர் அழுத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். புதிய லேப்டாப்பில் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் கொடுத்து நுழைந்தால், ஒன் டிரைவ் உங்கள் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் போல்டர்களைத் தன்னோடு இணைத்துக் கொள்ளலாம். இலவச இடம் 5 ஜி.பி. சீக்கிரமே நிறையும். "நெட்டில் இருப்பதை அழித்தால் இடம் கிடைக்கும்" என்று நினைத்து அங்கே அழிப்பார்கள். கம்ப்யூட்டரிலும் அழிந்துவிடும். காரணம், ஒன் டிரைவ் செய்வது இரண்டு இடத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பது. அது பேக்கப் அல்ல, கண்ணாடி. கண்ணாடிக்கு முன் நின்று மீசையை எடுத்தால் உள்ளே இருப்பவருக்கும் மீசை போகும். அவசரப்பட்டு அழித்துவிட்டால், ஒன் டிரைவ் இணைய தளத்தில் உள்ள ரீசைக்கிள் பின்னில் முதலில் பாருங்கள். 30 நாள் வரை அங்கே இருக்கும்.

மாதம் ஒரு முறை, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு பழைய பைலைத் திறந்து பார்க்கிறேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் நம்புவதில்லை.

வெயிலும் மின்சாரமும்

எங்கள் ஊர்களில் சித்திரை, வைகாசியில் 40 டிகிரி என்பது சாதாரணம். போன், லேப்டாப் இரண்டிலும் உள்ள லித்தியம் பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. நிறுத்தி வைத்த லாரியின் டாஷ்போர்டில் போனை வைத்துச் சார்ஜ் போடுவது அதைக் கொல்லும் வழி. எங்கள் டிரைவர் ஒருவரின் போனில் பேட்டரி உப்பி, பின்மூடி பிதுங்கி நின்றது. உப்பிய பேட்டரியைக் குத்தக் கூடாது, அழுத்தக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது. உடனே மாற்ற வேண்டும். லேப்டாப்பை எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர்கள், அதன் செட்டிங்ஸில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறதா எனப் பார்த்து அதை இயக்கிக் கொள்ளவும். பேட்டரி கூடுதல் காலம் உழைக்கும்.

பவர் பேங்க் வாங்கும் போது ஒரு கணக்கு. 10000 எம்.ஏ.எச். என்று அட்டையில் இருப்பது உள்ளே உள்ள செல்லின் 3.7 வோல்ட்டில் உள்ள அளவு. அதாவது 37 வாட்-அவர். வெளியே 5 வோல்ட்டாக மாற்றித் தரும் போது கொஞ்சம் சூடாக வீணாகும். 5000 எம்.ஏ.எச். போனை இரண்டு தடவை நிரப்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒன்றரைத் தடவை நிரப்பினால் நல்ல பவர் பேங்க்.

டெஸ்க்டாப் வாங்கியவர்களுக்கு யு.பி.எஸ். அவசியம். 2012இல் இந்த மாவட்டங்களில் நாள் முழுக்க விட்டு விட்டுக் கரண்ட் போன காலம் இப்போது இல்லை. ஆனாலும் மழைக்காற்று அடித்தால் ஒரு விநாடி போய் வருவது நிற்கவில்லை. அந்த ஒரு விநாடியில் எழுதிக் கொண்டிருந்த பைல் கெடலாம். 600 வி.ஏ. யு.பி.எஸ். என்றால் பெரும்பாலும் 360 வாட். கம்ப்யூட்டரும் மானிட்டரும் தாங்கும். லேசர் பிரிண்டரை அதில் செருகினால் தாங்காது. லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே யு.பி.எஸ். மோடத்துக்கு மட்டும் ஒரு சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். வைத்திருக்கிறேன், கரண்ட் போனாலும் நெட் நிற்காது.

பழைய லேப்டாப் வாங்குவோருக்கு

குறைந்த விலையில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குவதில் தவறில்லை. ஆனால் கடையிலேயே ஒன்றைச் சோதித்துவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவின் தேடும் கட்டத்தில், ஆங்கிலத்தில் வின்வெர் என டைப் செய்து என்டர் தட்டினால், உள்ளே இருப்பது எந்த விண்டோஸ் எனக் காட்டும். விண்டோஸ் 10க்கான மைக்ரோசாப்ட்டின் இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், அதன் பட்டியலில் உள்ள ஓரளவு புதிய பிராசசரும், குறைந்தது 4 ஜி.பி. ராமும் தேவை. பி.சி. ஹெல்த் செக் என்ற இலவச புரோகிராம் ஒரே கிளிக்கில் ஆம், இல்லை என்று சொல்லிவிடும். "11 போட்டுத் தருகிறேன்" என்று கடைக்காரர் சொன்னால், அந்தச் சோதனையை அவர் முன்னாலேயே ஓட்டச் சொல்லுங்கள். வழியில்லாத பழைய மெஷின் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொள்ளலாம். அதுவும் இலவசம், லிப்ரே ஆபீஸும் அதிலேயே வரும்.

போன் தொலைந்தால்

இதைப் படித்து முடித்தவுடன் உங்கள் போனில் ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் என்று டயல் செய்திடவும். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள். இவற்றைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வைக்கவும். போனிலேயே போட்டோ எடுத்து வைத்து என்ன பயன்?

போன் திருட்டுப் போனால், போலீசில் புகார் கொடுத்து, அதே எண்ணுக்கு வேறு சிம் வாங்கிய பின், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இந்த எண்ணைக் கொடுத்து அந்தப் போனை முடக்கலாம். 2023 மே முதல் நாடு முழுவதும் இந்த வசதி உண்டு. வேறு சிம் போட்டாலும் அந்தப் போன் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. யு.பி.ஐ. வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே வங்கிக்குச் சொல்லிவிட வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு.

லாரி வைத்திருப்பவர்களுக்கு என்றே ஒரு வலை விரிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வண்டிக்கு போக்குவரத்து அபராதம் என்று, அரசு முத்திரையோடு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். வண்டி எண் கூடச் சரியாக இருக்கும். கூடவே ஏ.பி.கே. என்று முடியும் ஒரு பைல். அது அபராதச் சீட்டு அல்ல, புரோகிராம். நிறுவினால் உங்களுக்கு வரும் ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ்.களைப் படித்து வேறு ஒருவருக்கு அனுப்பும். உண்மையான அபராதம் இருக்கிறதா என்பதைப் பரிவாகன் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண் கொடுத்துப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. எதையும் திறக்காதீர்கள்; அனுப்பியவர் உங்கள் பங்காளியாகவே இருந்தாலும்.

சித்தப்பா இப்போது புதுப் போன் வைத்திருக்கிறார். சனிக்கிழமை மாலை அதை என் மேஜை மேல் வைத்துவிட்டு, "இறக்கிக்க கண்ணு" என்பார், லோடு இறக்கச் சொல்வது போல. கேபிளைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போவோம். திரும்பி வருவதற்குள் முடிந்திருக்கும். அந்தப் பழைய போன் இன்னும் சித்தியின் அலமாரியில்தான் இருக்கிறது. பேத்தி பேசிய ஒரு குரல் பதிவு அதில் இருக்கிறதாம். தூக்கிப் போட மனம் வரவில்லை என்கிறார்.